கீசர் வெடித்த வீட்டுக்கு எது சரி: கம்பி மின்சாரமா, கேஸா, வெயிலா, ஹீட் பம்பா?

கூரைக்குள் இருந்த கீசர் வெடித்து சீலிங் ஊறிவிட்டது. காப்பீட்டுக்காரரிடம் சொல்லியாகிவிட்டது. வந்து பார்த்த பிளம்பர், "பழைய மாதிரியே ஒன்று மாட்டிவிடட்டுமா, இல்லை வேறு ஏதாவது யோசிக்கிறீர்களா?" என்று கேட்கிறார். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் கேள்வி இது. பதில் சொல்லக் கிடைப்பதோ ஒரே நாள். வீட்டில் வெந்நீர் இல்லை, ஆளாளுக்கு ஒரு யோசனை. மகன் சோலார் என்கிறான், பக்கத்து வீட்டார் கேஸ் என்கிறார், ஆயாவுக்கு எதுவானாலும் விடியற்காலை தலைக்கு ஊற்றத் தண்ணீர் சூடாக இருந்தால் போதும்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கத்து வீடுகளை மனதில் வைத்து எழுதியது இது. நியூகாசில், ஜோஹானஸ்பர்க் வாசிகளுக்கு மாறும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

எதை வைத்து அளப்பது

"புதுப்பிக்கத்தக்கது நல்லது, மற்றது கெட்டது" என்ற பள்ளிக்கூடப் பிரிவினையை வைத்து கீசர் வாங்கினால் ஏமாற்றம்தான். நிலக்கரி ஒருநாள் தீரும், வெயில் தீராது. அது சரி. ஆனால் தீராத வெயில் மாலை ஆறு மணிக்கு உங்கள் கூரையில் இல்லை. தீரப்போகும் நிலக்கரியோ கம்பி வழியாக நள்ளிரவிலும் வருகிறது. ஆகவே ஒரு வளத்தைப் பார்க்கும்போது, அது எங்கே கிடக்கிறது, உங்கள் வீட்டுக்கு எப்படி வருகிறது, நீங்கள் கேட்கும் நேரத்தில் வருமா என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு மேல் வீட்டு விஷயங்கள்: கூரை தாங்குமா, சுவரில் இடம் இருக்கிறதா, பழுதானால் பக்கத்தில் ஆள் கிடைப்பாரா.

கணக்குக்கு ஓர் அடிப்படை வேண்டும். 1 லிட்டர் தண்ணீரை 1 டிகிரி ஏற்ற 1.16 வாட்-மணி செலவாகும். 150 லிட்டரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 7 யூனிட் (1 யூனிட் என்பது 1,000 வாட்-மணி). நாலு பேர் உள்ள வீட்டின் ஒரு நாள் தேவை என்று இதை வைத்துக்கொள்ளலாம். எந்த வழியில் போனாலும் இந்த 7 யூனிட் வெப்பம் தண்ணீருக்குள் போயே தீர வேண்டும். அது எங்கிருந்து வருகிறது, வழியில் எவ்வளவு சிந்துகிறது என்பதில்தான் வித்தியாசம்.

எது எங்கே கிடக்கிறது

நிலக்கரி ஓரிடத்தில் குவிந்து கிடக்கும் வளம். உலகக் கையிருப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு அமெரிக்கா, ரஷ்யா, ஆஸ்திரேலியா, சீனா, இந்தியா ஆகிய ஐந்து நாடுகளிடம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் அது எமலாஹ்லெனி (பழைய விட்பேங்க்), எர்மெலோ, செகுண்டா என்று மபுமலாங்கா மேட்டுநிலத்திலும், லிம்போபோவின் வாட்டர்பெர்க்கிலும் குவிந்திருக்கிறது. எல்லாம் கோண்டுவானா (ஆப்பிரிக்காவும் இந்தியாவும் ஒட்டியிருந்த பழைய கண்டம்) காலத்துக் கரி. இந்தியாவின் ஜாரியா, ராணிகஞ்ச் கரியும் அதே பழைய கண்டத்துச் சொத்துதான். நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி மட்டும் வேறு, மிகப் பிற்காலத்தது.

நேட்டாலிலும் கரி இருந்தது. டண்டீ, நியூகாசில் சுரங்கங்களில் இறங்கியவர்களில் ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோரும் உண்டு. 1913 அக்டோபரில் காந்தியின் சத்தியாக்கிரகத் தோழர் தம்பி நாயுடு போய்ப் பேசியதும் வேலைநிறுத்தம் தொடங்கியது அந்த நியூகாசில் சுரங்கங்களில்தான். இன்று அங்கே பெரும்பாலான பழைய சுரங்கங்கள் மூடிக் கிடக்கின்றன. "தீரும் வளம்" என்றால் என்னவென்று பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை.

எண்ணெய் இன்னும் மோசமான பங்கீடு. நிரூபிக்கப்பட்ட கையிருப்பில் பாதிக்கு அருகில் மத்திய கிழக்கில் இருக்கிறது. இயற்கை எரிவாயுவில் ஏறக்குறைய பாதி ரஷ்யா, ஈரான், கத்தார் மூவரிடம். தென்னாப்பிரிக்காவுக்கு இரண்டிலும் சொல்லிக்கொள்ளும் அளவு இல்லை. மோசல்பே கடலடி வாயு வற்றிவிட்டது. மொசாம்பிக்கின் பாண்டே, தெமானே வயல்களிலிருந்து 865 கிலோமீட்டர் குழாயில் வருகிற வாயு செகுண்டாவுக்குப் போகிறது, உங்கள் சமையலறைக்கு அல்ல. டர்பனின் இரண்டு சுத்திகரிப்பு ஆலைகளில் ஒன்று 2020 டிசம்பர் தீவிபத்துக்குப் பிறகு திறக்கவில்லை, மற்றது 2022-இல் நின்றுவிட்டது. சிலிண்டரில் வரும் எல்பிஜியில் பெரும்பங்கு இப்போது கப்பலில் வருவது. டாலர் ஏறினால் சிலிண்டரும் ஏறும்.

வெயில் இப்படியல்ல. கூடும் குறையும், ஆனால் எங்கும் பூஜ்யம் ஆகாது. நாட்டிலேயே சிறந்த வெயில் வடக்குக் கேப்பின் அப்பிங்டனில். அங்கே 1 கிலோவாட் சோலார் தகடு ஆண்டுக்கு ஏறக்குறைய 1,900 யூனிட் தரும். ஈரக் காற்றும் கோடை மேகமும் உள்ள டர்பனில் அதே தகடு சுமார் 1,500 தரும். குறைவது ஐந்தில் ஒரு பங்கு, அவ்வளவே. நிலக்கரியில் டர்பனின் பங்கு பூஜ்யம், முழுவதும் மேட்டிலிருந்து கம்பியில் இறங்க வேண்டும். "கடற்கரையில் வெயில் போதாது, சோலார் உள்நாட்டு வறண்ட கரூவுக்குத்தான்" என்பவர்கள் இந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

வெயிலும் காற்றும் நிறைந்த இடங்களுக்கு ஒரு சங்கடம் உண்டு: அங்கே ஊர் சிறியது, கம்பியும் சிறியது. 2022 இறுதியில் அரசின் புதுப்பிக்கத்தக்க மின்சார ஏலத்தின் ஆறாவது சுற்றில் ஒரு காற்றாலைத் திட்டம்கூடத் தேர்வாகவில்லை. கேப் மாகாணங்களில் காற்று இல்லாமல் அல்ல, கம்பியில் இடம் இல்லாமல். உங்கள் கூரையில் விழும் வெயிலுக்கு அந்தத் தொல்லை கிடையாது.

1. பழையபடி மின் கீசர்

வாங்கும்போது இதைவிட மலிவு எதுவும் இல்லை. காப்பீடும் பெரும்பாலும் "இருந்தது போலவே" என்றுதான் ஈடு தரும். எல்லா பிளம்பருக்கும் தெரிந்த வேலை, ஒரே நாளில் முடியும்.

செலவு வேறிடத்தில் ஒளிந்திருக்கிறது. 7 யூனிட் தண்ணீருக்குப் போக, தொட்டி சும்மா இருக்கும்போதே வெப்பம் கசிகிறது. பழைய 150 லிட்டர் தொட்டிகள் நாளுக்குச் சுமார் 2.5 யூனிட் இழக்கும், மின்சிக்கனத் தரத்தில் பி-வகுப்பு பெற்ற இப்போதைய தொட்டி அதில் பாதியை ஒட்டி இழக்கும். பழைய தொட்டியோடு மொத்தம் 9.5 யூனிட். கரியாக மாற்றிப் பாருங்கள். மின்நிலையத்தில் 1 யூனிட்டுக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேல் கரியும், 1.4 லிட்டர் தண்ணீரும் செலவாகும். ஆக ஒரு வீட்டின் ஒரு நாள் குளியலுக்கு மபுமலாங்காவில் 5 கிலோ கரி எரிந்து, அந்த வறண்ட மேட்டுநிலத்தில் ஒரு வாளித் தண்ணீர் ஆவியாகிறது.

லோட் ஷெட்டிங் சமயத்தில் மின் கீசரைக் குறை சொல்வார்கள். உண்மையில் நல்ல தொட்டி இரண்டரை மணி நேரம் மின்சாரம் இல்லாவிட்டாலும் சூட்டை வைத்துக்கொள்ளும். தப்பு நடப்பது இன்வெர்ட்டர் போட்ட வீடுகளில். 3 கிலோவாட் எலிமெண்டை பேட்டரி வரிசையில் இணைத்துவிட்டு, "5 யூனிட் பேட்டரி ஒன்றரை மணியில் காலியாகிவிட்டது" என்று புலம்புவது. கீசர் எப்போதும் பேட்டரியில் சேராத வரிசையில் இருக்க வேண்டும்.

வாடகை வீட்டுக்கும், இரண்டு மூன்று வருடத்தில் விற்கப்போகும் வீட்டுக்கும் இதுவே போதும். தொட்டிக்கு மேல் ஒரு காப்புப் போர்வையும், குழாயின் முதல் 1 மீட்டருக்கு நுரைக் காப்பும், ஒரு டைமரும் போட்டு, தெர்மோஸ்டாட்டை 60-இல் நிறுத்துங்கள். அதற்குக் கீழே நிரந்தரமாக இறக்கினால் தொட்டிக்குள் கிருமி வளர இடம் கொடுத்ததாகும்.

2. கேஸ் கீசர்

தொட்டி இல்லை, குழாய் திறந்தால்தான் எரியும். சும்மா நிற்கையில் இழப்பு இல்லை. 1 கிலோ எல்பிஜியில் 12.8 யூனிட் வெப்பம் உண்டு, புகைபோக்கி வழியே போனது போகத் தண்ணீருக்கு 11 யூனிட் சேரும். இதிலிருந்து ஓர் எளிய கணக்கு: கேஸ் விலையைக் கிலோவுக்கு எவ்வளவு என்று பார்த்து 11-ஆல் வகுங்கள். வரும் எண் உங்கள் மின்சார யூனிட் விலையைவிடக் குறைவா? கிலோ 35 ரேண்ட் என்று வைத்தால் 3 ரேண்ட் 20 சென்ட். மின்சாரம் யூனிட்டுக்கு 3 ரேண்ட் என்றால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். கேஸ் மலிவு என்று பொதுவாகச் சொல்வது விலை இறங்கிய மாதத்தில் போட்ட கணக்காக இருக்கும்.

அன்றாடம் 150 லிட்டர் என்றால் நாளுக்கு 640 கிராம், 9 கிலோ சிலிண்டர் இரண்டு வாரம். ஆனால் 9 கிலோ சிலிண்டரை கீசருக்கு மாட்டக்கூடாது. நிமிடத்துக்கு 16 லிட்டர் தரும் கீசர் முழு வேகத்தில் மணிக்கு 2.5 கிலோ கேஸ் இழுக்கும். சிறிய சிலிண்டரால் அந்த வேகத்தில் திரவத்தை ஆவியாக்க முடியாது. வெளியே பனி படர்ந்து, அழுத்தம் விழுந்து, தலையில் ஷாம்பூவோடு நிற்கும்போது தண்ணீர் குளிர்ந்துவிடும். சிலிண்டரில் இன்னும் கேஸ் இருக்கும், அதுதான் வேடிக்கை. இரண்டு 19 கிலோ அல்லது இரண்டு 48 கிலோ, நடுவில் ஒன்று தீர்ந்தால் மற்றதுக்கு மாற்றும் வால்வு. இதுதான் முறை.

இடப் பிரச்சினை இங்கேதான் வரும். சிலிண்டர் வெளியே, கதவு ஜன்னலிலிருந்து 1 மீட்டர், சாக்கடை வாயிலிருந்து 2 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு ஊர்ந்து சாக்கடைக்குள் இறங்கித் தேங்கும், அதனால்தான் அந்த 2 மீட்டர். சாட்ஸ்வர்த்தின் ஒட்டுச்சுவர் வீடுகளில் இந்த இடைவெளிகளைக் கணக்குப் பார்த்தால் சில சமயம் சிலிண்டருக்கு ஒரு மூலைகூட மிஞ்சாது. புகைபோக்கி இல்லாத கீசரைக் குளியலறைக்குள் மாட்டுவது கொலைக்குச் சமம், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. வேலை முடிந்ததும் பதிவுபெற்ற கேஸ் ஆளிடம் இணக்கச் சான்றிதழ் வாங்குங்கள். அது இல்லாவிட்டால் தீ விபத்தில் காப்பீடு கைவிரிக்கும், வீட்டை விற்கும்போதும் கேட்பார்கள்.

இருவர் மட்டும் வாழும் வீடு, வார இறுதியில் மட்டும் ஆள் வரும் வீடு, தொட்டி வைக்க இடமே இல்லாத வீடு: இவற்றுக்குக் கேஸ் பொருந்தும். சமையலுக்கும் ஏற்கெனவே கேஸ் என்றால் இன்னும் நல்லது. கல்யாணம், காவடி என்று பெரிய தேக்சாவில் பிரியாணி ஏற்றும் குடும்பங்களிடம் 48 கிலோ சிலிண்டர் எப்படியும் இருக்கும்.

3. சோலார் கீசர்

இதைப் பற்றித்தான் கேள்விகள் அதிகம், தப்புகளும் அதிகம்.

முதல் தப்பு, திசை. தமிழில் தேடினால் வரும் காணொளிகள் பெரும்பாலும் தமிழ்நாட்டில் எடுத்தவை. "தகட்டைத் தெற்கு பார்த்து வையுங்கள்" என்று சொல்லும். அவர்களுக்கு அது சரி. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருக்கும் நமக்கு வடக்கு. டர்பன் 30 டிகிரி தெற்கில் இருக்கிறது. குளிர்காலத்தில் சூரியன் தாழப் போவதால் வெந்நீர்த் தகட்டுக்கு 10 கூட்டி 40 டிகிரி சாய்வு வைப்பது வழக்கம். கூரையின் சாய்வு குறைவாக இருந்தால் தாங்குசட்டம் போடலாம். உங்கள் கூரையின் இரு பக்கமும் கிழக்கு மேற்காக இருந்தால் மேற்குப் பக்கம் வையுங்கள். மதியத்து வெப்பம் இரவுக் குளியலுக்கு நிற்கும்.

கணக்கு: 150 லிட்டருக்கு 2 சதுர மீட்டர் தகடு. சதுர மீட்டருக்கு நாளில் 5 யூனிட் அளவு வெயில், அதில் பாதி தண்ணீருக்கு. ஆக 5 யூனிட். தேவை 7 என்பதால் மீதிக்கு மின் எலிமெண்ட் வேண்டும். "சோலார் போட்டால் மின்சாரமே வேண்டாம்" என்று விற்பவரை நம்பாதீர்கள். மூன்றில் இரண்டு பங்கு மிச்சம் என்பதுதான் நேர்மையான கணக்கு. குவாசுலு-நேட்டாலுக்கு ஒரு அதிர்ஷ்டம், மழை கோடையில். வெந்நீர் அதிகம் வேண்டிய ஜூன், ஜூலையில் வானம் தெளிந்திருக்கும். மழை குளிர்காலத்தில் பெய்யும் கேப் டவுனில் இது தலைகீழ்.

இரண்டாவது, கூரை. கூரைமேல் தொட்டி வைக்கும் வகையில் தண்ணீர் 150 கிலோ, இரும்பும் தகடும் சேர்ந்தால் கால் டன். பழைய முனிசிபல் வீடுகளின் மரச்சட்டம் இதற்குச் செய்தது அல்ல, ஆள் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதைவிட முக்கியம், கூரை அஸ்பெஸ்டாஸ் தகடாக இருந்தால் அதில் துளை போட விடாதீர்கள். துரப்பணம் பட்ட இடத்தில் நார் தூள் பறக்கும், நுரையீரலுக்குப் போனால் வெளியே வராது. அதைத் தொட உரிமம் பெற்ற ஆள் வேண்டும், அந்தச் செலவு கீசர் விலையையே தாண்டலாம்.

மூன்றாவது, அதிக வெப்பம். டிசம்பரில் ஒரு மாதம் இந்தியாவுக்குப் போனால், யாரும் தொடாத தண்ணீர் 90 டிகிரியைத் தொடும். அழுத்த வால்வு திறந்து மூடித் திறந்து தண்ணீரைக் கொட்டும், அது கெட்டுப்போன வால்வு அல்ல, வேலை செய்யும் வால்வு. கிளம்பும் முன் தகட்டின் மேல் நிழல்வலை கட்டிவிட்டுப் போங்கள். குளிக்கும் குழாய்க்குப் பச்சைத்தண்ணீர் கலந்து சூட்டைத் தணிக்கும் கலப்பு வால்வு கட்டாயம் கேளுங்கள், குழந்தைகள் கை வெந்துவிடும்.

கடற்கரையில் உறைபனி இல்லை என்பதால் குடிநீரே தகட்டுக்குள் ஓடும் நேரடி வகை போதும். நியூகாசில், லேடிஸ்மித், ஜோஹானஸ்பர்க் என்றால் தண்ணீரை உறைய விடாத கிளைகால் திரவம் கலந்தது தகட்டுக்குள் ஓடும் மறைமுக வகை வேண்டும். நேரடி வகையை அங்கே மாட்டினால் முதல் உறைபனி இரவிலேயே குழாய் பிளக்கும்.

புதுப்பிக்கத்தக்கது என்பது வெயில்தான், கருவி அல்ல. தகட்டின் செம்பு சிலியிலோ பெருவிலோ காங்கோவிலோ தோண்டியது. வெளிச்சுவரில் ஓடும் செம்புக் குழாயைக் கழற்றிப்போகும் திருடர்கள் இங்கே எத்தனை பேர் என்று சொல்ல வேண்டியதில்லை. வெயில் பக்கத்துச் சூட்டுக்குப் பிளாஸ்டிக் குழாய் தாங்காது, செம்புதான். ஆகவே குழாயைக் கூரைக்குள்ளேயே இறக்கச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் மெக்னீசியத் தண்டை மூன்று வருடத்துக்கு ஒருமுறை பார்த்து மாற்றினால் தொட்டி நீடிக்கும். யாரும் மாற்றுவதில்லை.

இதன் தம்பி ஒன்று உண்டு. 550 வாட் மின்தகடு மூன்று, அதிலிருந்து நேராகக் கீசருக்குள் ஒரு டி.சி. எலிமெண்ட். நாளுக்கு 6 யூனிட்டுக்கு மேல் கிடைக்கும். தண்ணீர்க் குழாய் கூரைக்குப் போவதில்லை, உறைபனி பயமில்லை, எடை பரவிக் கிடக்கும். 2 சதுர மீட்டருக்குப் பதில் 8 சதுர மீட்டர் கூரை வேண்டும், அவ்வளவுதான் குறை.

4. ஹீட் பம்ப்

ஃப்ரிஜ்ஜைத் திருப்பிப் போட்டது போல: வெளிக்காற்றின் வெப்பத்தை உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளும். டர்பன் காற்றில் 1 யூனிட் மின்சாரத்துக்கு 3 யூனிட் வெப்பம் தரும். 7 யூனிட் வேலைக்கு 2.3 யூனிட் மின்சாரம். ஜோஹானஸ்பர்க் குளிரில் இது 2-க்கு இறங்கும். கூரை தேவையில்லை, திசை தேவையில்லை, மேகம் பிரச்சினை இல்லை. மாமர நிழலில் இருக்கும் வீட்டுக்கும் அஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் இதுவே விடை.

மூன்று எச்சரிக்கை. கடலோரத்தில் உப்புக்காற்று அலுமினிய மடிப்புகளை அரித்துவிடும். பூச்சு போட்டதைக் கேளுங்கள், மாதம் ஒருமுறை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பழுதானால் பிளம்பரால் ஆகாது, ஏ.சி. மெக்கானிக் வேண்டும். ஓடும்போது இரையும், பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே மாட்டினால் அண்டை வீட்டாரோடு சண்டை நிச்சயம்.

| வழி | 150 லிட்டருக்கு வீட்டில் செலவு | வளம் எங்கிருந்து | எப்போது கைவிடும் |
|---|---|---|---|
| மின் கீசர் | 8.5 முதல் 9.5 யூனிட் | மபுமலாங்கா, லிம்போபோ கரி | நீண்ட மின்தடை |
| கேஸ் கீசர் | 640 கிராம் எல்பிஜி | பெரும்பாலும் கப்பலில் | சிலிண்டர் தீர்ந்தால், தண்ணீர் அழுத்தம் குறைந்தால் |
| சோலார் கீசர் | ஆண்டுச் சராசரியில் 2 முதல் 3 யூனிட் | உங்கள் கூரை | தொடர் மழை, அதிகாலை |
| ஹீட் பம்ப் | சுமார் 2.5 முதல் 3 யூனிட் | காற்று, மேலே சிறிது கரி | நீண்ட மின்தடை, உப்பு அரிப்பு |

சோலாரும் ஹீட் பம்பும் மின் செலவில் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்பதைப் பாருங்கள். ஆகவே இவ்விரண்டில் எது என்று தீர்மானிப்பது சூரியன் அல்ல, உங்கள் கூரை. வடக்குச் சாய்வும் வலுவான சட்டமும் உள்ள சொந்த வீடு என்றால் சோலார், மற்ற சொந்த வீடுகளுக்கு ஹீட் பம்ப். எங்களைக் கேட்டால் கேஸைச் சமையலோடு நிறுத்திக்கொள்ளலாம், மேலே சொன்ன சிறு வீடுகளைத் தவிர. காப்பீட்டுக்காரரிடம் "மின் கீசருக்கான தொகையைக் கொடுங்கள், மேற்கொண்டு ஆவதை நான் போட்டுக்கொள்கிறேன்" என்று வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் கேளுங்கள். பல நிறுவனங்கள் ஒப்புக்கொள்ளும், வேலை முடிந்த பிறகு கேட்டால் ஒப்புக்கொள்ளாது.

சோலார் என்று முடிவானால் டைமரை மாட்டுபவர் போகும் முன் ஒரு வேலை பாக்கி. பலர் அதை விடியற்காலை 4 மணிக்கு ஓடும்படி வைத்துவிட்டுப் போவார்கள். காலையிலேயே மின்சாரம் தொட்டியைச் சூடாக்கிவிட்டால், பகல் வெயிலுக்குச் சூடாக்கக் குளிர்ந்த தண்ணீர் இராது. வெயில் முடிந்த பிறகு, மாலை 4 மணி சுமாருக்கு ஒரு மணி நேரம் ஓடட்டும், அதில் பகலின் குறை நிரம்பிவிடும். புரட்டாசி சனிக்கிழமைகளில் விளக்கேற்றும் முன் எல்லோரும் தலைக்கு ஊற்றுகிற வீடு என்றால், அந்த மாதத்துக்கு மட்டும் வெள்ளி இரவு 8 மணிக்குப் பிறகு இன்னொரு அரை மணி கூட்டி வையுங்கள். நல்ல தொட்டி இரவில் சில டிகிரிதான் இறங்கும்.